இருபத்திரண்டு டெசிபல்

அந்தக் கட்டுரையில் மூன்று பெயர்கள் இருந்தன. முதல் பெயர் தனப்பிரியா. இரண்டாவது என்னுடையது, கலைமணி. மூன்றாவது எங்கள் துறைத்தலைவர் தீனதயாளன். இணையத்தில் தேடினால் இப்போதும் கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே சிவப்பு எழுத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று போட்டிருக்கும். அப்படிப் போடச் சொல்லிக் கேட்டவள் பிரியா ஒருத்திதான். கேட்காத இரண்டு பேரில் ஒருத்தி நான். அவளைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பெரிதாக எதுவும் இல்லை. எல்லாவற்றையும் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தவள் என்பது மட்டும்தான்.

பிரியாவுக்கு மல்லசமுத்திரத்தை ஒட்டி ஒரு சிற்றூர். அப்பா சின்னண்ணன் ஆறு ஏக்கரில் குச்சிக்கிழங்கு போட்டு, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அம்மா ஆத்தாயி. ஒரே பெண். எம்.இ. முடித்துவிட்டு 2013இல் எங்கள் கல்லூரிக்கு உதவிப் பேராசிரியராக வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. திருச்செங்கோட்டிலிருந்து குமாரபாளையம் போகிற வழியில் இருக்கிற தனியார் பொறியியல் கல்லூரி அது. அப்போது எங்கள் மின்னணுவியல் துறையில் ஆண்டுக்கு நான்கு வகுப்புப் பிரிவுகள் இருந்தன. உட்கார நாற்காலி கிடைக்காது. எனக்கு அடுத்த மேசையை அவளுக்குக் கொடுத்தார்கள். நான் அவளுக்கு நான்கு வயது மூத்தவள். முதல் நாளிலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

அடுத்த ஆண்டு கல்யாணம் ஆயிற்று. கணவர் நவநீதகிருஷ்ணன், திருச்செங்கோட்டுக்காரர். ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுகிற தொழில். மழைக்காலம் தவிர மற்ற மாதமெல்லாம் வண்டி மத்தியப் பிரதேசத்தில் நிற்கும், அவரும் அங்கேதான் இருப்பார். வீட்டில் தனியாக இருக்கிற நேரத்துக்கு ஏதாவது வேண்டும் என்றுதான் தீனதயாளன் சாரை வழிகாட்டியாகக் கொண்டு பி.எச்.டி.க்குப் பதிவு செய்ததாக அவள் சொல்வாள். அது உண்மையில்லை. அவளுக்கு அந்த விஷயத்தின் மேல் உண்மையான ஆசை இருந்தது.

வகுப்பில் அவள் செய்கிற ஒரு வேலை மாணவர்களுக்குப் பிடிக்கும். உடைந்த செல்போன் ஒன்றைக் கொண்டுவந்து, "இதுல எத்தன ஆன்டெனா இருக்கும்?" என்று கேட்பாள். ஒன்று என்பார்கள். அவள் பின்மூடியைக் கழற்றி, ஓரங்களில் பொன்னிறமாக ஒட்டியிருக்கிற மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக ஊசி முனையால் தொட்டுக் காட்டுவாள். நான்கு, ஐந்து, சிலவற்றில் ஏழு. ஒரே செய்தியைப் பல ஆன்டெனாக்கள் பல வழியில் வாங்கினால்தான் இன்றைய வேகம் கிடைக்கும். ஆனால் போன் உள்ளங்கை அளவுதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு ஆன்டெனா அனுப்புவதை இன்னொன்று உறிஞ்சிவிடும். காற்றில் போகவேண்டியது பக்கத்து வீட்டுக்குள் போய் வீணாகும்.

"தறிப்பட்டறைல ஒரே மேசைல ரெண்டு டம்ளர் வெச்சாப்புடி," என்று குமாரபாளையத்துப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொல்வாள். "டம்ளர எவ்வளவு தள்ளி வெச்சாலும் மேச ஒண்ணுதானுங்களே. ரெண்டும் சேந்துதான் அதிரும்."

அதிலும் தொள்ளாயிரம் மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகளில் போனின் சர்க்யூட் பலகை முழுவதுமே ஆன்டெனாவாக வேலை செய்யத் தொடங்கிவிடும். அங்கே இரண்டு ஆன்டெனாக்களைப் பிரித்து வைப்பது மிகவும் கடினம். எவ்வளவு பிரிந்திருக்கிறது என்பதை டெசிபலில் சொல்வார்கள். பெரிய எண் என்றால் கசிவு குறைவு. ஒன்பது என்றால் எட்டில் ஒரு பங்கு கசிகிறது. இருபத்திரண்டு என்றால் நூற்றைம்பதில் ஒரு பங்குகூட இல்லை. பதினைந்து செ.மீ. நீளம், ஏழரை செ.மீ. அகலம் உள்ள பலகையில், அந்தத் தாழ்ந்த அலைவரிசையில் இருபதைத் தாண்டுவது என்று பிரியா முடிவு செய்துகொண்டாள். மற்றவர்கள் செய்த பலகைகள் பத்திலும் பன்னிரண்டிலும் நின்றிருந்தன.

ஏழு ஆண்டு அதில் போயிற்று. கணினியில் வரைவாள், ஓட்டுவாள், ஓடி முடிய ஆறு மணி நேரம் ஆகும், எண் தேறாது, மறுபடி வரைவாள். பிறகு பலகையைச் செய்து, தாமிர நாடாவை ஒரு மில்லிமீட்டர் வெட்டி ஒட்டி, உரித்து, மறுபடி ஒட்டிப் பார்ப்பாள். ஆய்வக உதவியாளர் அறிவு அண்ணன்தான் அவளுக்குக் கூட இருந்து பற்றவைத்துக் கொடுப்பார். ஐம்பது வயதுக்காரர், கை நடுங்காது. நவநீதகிருஷ்ணன் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஊருக்கு வரும்போது குழந்தையைப் பற்றிப் பேச்சு வரும். "தீசிஸ் முடியட்டுங்க மாமா" என்பாள். அவரும் சரி என்று போய்விடுவார். 2021இல் ஒரு நாள் கசிவைக் காட்டுகிற கோடு அளவைக் கருவியின் திரையில் சட்டென்று ஆழமாக இறங்கியது. இருபத்திரண்டு. கணினி மாதிரியில் அளக்கிற கேபிளையும் பத்து சென்டிமீட்டர் சேர்த்து வரைந்து ஓட்டினோம். அதுவும் இருபத்தொன்று காட்டியது. இரண்டும் ஒத்துப்போனதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்த அக்டோபரில் அவளும் நானும் பெங்களூருக்குப் போனோம். அங்கே ஒரு சோதனைக்கூடத்தில் ஒரு நாள் மட்டும் இடம் கிடைத்திருந்தது. சுவரெல்லாம் கூர்கூராக நுரைக்கட்டி பதித்த இரும்பு அறை. உள்ளே வெளி அலை எதுவும் வராது, உள்ளிருந்தும் எதுவும் போகாது. கைப்பேசிகளை அணைக்கச் சொல்லி வாசலிலேயே பெட்டியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அளவை தொடங்குமுன் அங்கிருந்த பொறியாளர் ஒரு கேள்வி கேட்டார். கேபிளின் மேல் ஃபெரைட் என்கிற காந்தப்பொருள் வளையம் மாட்டி ஒரு முறையும் மாட்டாமல் ஒரு முறையும் அளந்து பார்க்கலாமா என்றார். அப்படியென்றால் மறுநாள் காலைவரை ஆகும்.

பிரியா என்னைப் பார்த்தாள். "அக்கா?"

"கம்ப்யூட்டர்ல வந்ததும் கைல வந்ததும் ஒத்துப்போகுது. அப்புறம் எதுக்கு?" என்றேன். மறுநாள் எனக்குத் தேர்வுப் பணி இருந்தது. அதுதான் காரணம்.

சரி என்று தலையாட்டினாள்.

மாலை நாலரைக்கு வெளியே வந்து கைப்பேசியை வாங்கியதும் வரிசையாகத் தவறிய அழைப்புகள் வந்து விழுந்தன. பதினொன்று. எல்லாம் ஊரிலிருந்து. கிழங்குக் காட்டில் நண்பகல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த சின்னண்ணன் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் போய்விட்டார். வாடகைக் கார் பிடித்து ஓசூர், தொப்பூர் வழியாக ஊருக்கு வந்தோம். வழி நெடுக அவள் மடியில் பையை வைத்திருந்தாள். பைக்குள் அளவைத் தாள்கள். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஆத்தாயி அவளைப் பார்த்ததும் அழவில்லை, திகைத்துப்போனவர் போலக் கேட்டார்:

"எத்தன தடவ கூப்புட்டம் சாமி. போனு அடிக்கவே இல்லியே. உங்கொப்பன் அம்மிணி வந்துட்டாளா, அம்மிணி வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு."

அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டேன்.

அடுத்த ஆண்டு ஜூனில் கட்டுரை வெளிவந்தது. நல்ல வெளிநாட்டு இதழ். எங்கள் கல்லூரியிலிருந்து அதுவரை யாரும் அதில் எழுதியதில்லை. தீனதயாளன் சார் துறை முழுவதற்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார், நுழைவாயிலில் பிரியாவின் படம் போட்ட பதாகை வைத்தார்கள். டிசம்பரில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி.

ஜனவரியில் ஒடிசாவிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவன் அவளுக்கு மின்னஞ்சல் அனுப்பினான். உங்கள் வடிவமைப்பை அப்படியே செய்து பார்த்தேன், மூன்று மாதமாக முயல்கிறேன், பத்துக்கு மேல் வரவில்லை, நான் எங்கே தவறு செய்கிறேன் என்று கேட்டிருந்தான். பிரியா நீளமாகப் பதில் எழுதினாள். பற்றவைத்த இடங்களைப் பார், பலகையின் தடிமனைப் பார் என்று. எனக்கும் காட்டினாள். நல்ல பதில் என்றேன்.

பிப்ரவரியில் ஒரு பிற்பகல். தர மதிப்பீட்டுக் குழு மார்ச்சில் வரப்போவதால் ஆய்வகத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். குழுவுக்குக் காட்ட பிரியாவின் பலகையைக் கருவியில் மாட்டி, கோடு திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அறிவு அண்ணன் மேசையைத் துடைக்கக் கேபிளை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"மேடம், நா ஒண்ணும் பண்ணலீங்க. வயர இப்புடி நவுத்துனன், அவ்வளவுதானுங்க. கோடு மேல ஏறிப்போச்சு."

பிரியா எழுந்து வந்தாள். "இன்னொருக்கா நவுத்துங்ணா."

நகர்த்தினார். கோடு ஆடியது. கையால் பிடித்தார், இன்னும் ஆடியது. கேபிள் வெறும் வழிதான். அதைத் தொட்டால் எதுவும் மாறக்கூடாது. மாறுகிறது என்றால் பலகையில் ஓடவேண்டிய மின்னோட்டம் கேபிளின் வெளித்தோல் மேலேயும் ஏறி ஓடுகிறது என்று பொருள். நாங்கள் அளந்தது பதினைந்து செ.மீ. பலகையை அல்ல; அதற்கு வால் மாதிரித் தொங்கிய கேபிளையும் சேர்த்து.

பழைய மானிட்டர் வயர்களில் ஒரு கருப்பு உருளை இருக்குமே, அதற்குள் இருப்பதுதான் ஃபெரைட்; கேபிளின் வெளித்தோலில் மின்னோட்டம் ஏறாமல் அது தடுக்கும். அறிவு அண்ணன் கழிவுப் பெட்டியிலிருந்து நான்கு வயர்களை எடுத்துவந்து உருளைகளை உடைத்துக் கழற்றினார். பிரியா அவற்றைக் கேபிளில் வரிசையாக மாட்டி, மறுபடி ஓட்டினாள்.

"ஒம்பது," என்றாள்.

"சால்டர் விட்டிருக்கும் பிரியா. பழைய போர்டு," என்றேன்.

மொத்தம் மூன்று பலகைகள் செய்து வைத்திருந்தாள். அந்த வாரம் முழுவதும் மூன்றையும் மாற்றி மாற்றி அளந்தாள். ஒன்பது, ஒன்பது, பத்து. கேபிளைச் சேர்த்து வரைந்திருந்த கணினி மாதிரியிலிருந்து கேபிளை எடுத்துவிட்டு ஓட்டினாள். அதுவும் ஒன்பது. செல்போனுக்குள் கேபிள் கிடையாது. அப்படியென்றால் அவளுடைய ஆன்டெனாக்கள் எந்தப் போனிலும் வேலை செய்யாது.

வெள்ளிக்கிழமை மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "பெங்களூர்ல அந்தாளு கேட்டாருங்க்கா."

"நான்தான் வேண்டாம்னேன்."

"நானுந்தானுங்க்கா தலையாட்டுனேன்." சோற்றைக் கிளறியபடி, "அந்த ஒடிசாப் பையனுக்கு நாம் பாட்டுக்குச் சால்டரப் பாருன்னு எழுதிப்போட்டனுங்க்கா. அவன் சரியாத்தான் பண்ணியிருக்கறான்," என்றாள். சோற்றை மூடி வைத்துவிட்டு, முதல் வேலையாக அவனுக்கு எழுதினாள். உன் பலகை சரி, என் அளவை தவறு என்று. அவனிடமிருந்து பதிலே வரவில்லை. அதற்குள் தலைப்பை மாற்றிக்கொண்டானா, விட்டுவிட்டே போனானா, தெரியாது. பல நாள் அவள் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீனதயாளன் சாரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பிரியாவின் அப்பா இறந்தபோது பதினாறாம் நாள்வரை அவள் வகுப்புகளைத் தானே எடுத்தவர். அன்று அவர் அறையில் நானும் இருந்தேன். வரைபடங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இது தப்பு இல்லம்மா. ஒரு குறை. எல்லாப் பேப்பர்லயும் குறை இருக்கும். அடுத்த பேப்பர்ல எழுதிக்கலாம்."

"அடுத்ததப் படிக்கறவங்க இதயுந்தான சார் படிப்பாங்க? இத நம்பி யாராச்சும் போர்டு போட்டாங்கன்னா?"

"யாரும்மா போடப்போறாங்க?" என்றார். குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே ஆறுதலுக்குத்தான் சொன்னார். "போன் கம்பெனிக்காரன் நம்ம பேப்பரப் படிச்சா போன் பண்றான்? இது நமக்கு, டிகிரிக்கு, டிபார்ட்மென்ட்டுக்கு. மார்ச்ல கமிட்டி வருது. இப்பப் போயி…"

பிரியா வரைபடங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நடைக்கூடத்தில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தப்பில்லீன்னு சொன்னதுகூடப் பரவால்லீங்க்கா," என்றாள், "யாரு போடப்போறாங்கன்னு கேட்டாரு பாருங்க."

மார்ச் முதல் வாரம் இதழுக்கு எழுதிவிட்டாள். எங்கள் அளவை தவறு, கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள் என்று. அவர்கள் மூன்று பேருக்கும் தனித்தனியே கடிதம் அனுப்பினார்கள்: உங்களுக்குச் சம்மதமா, பதினைந்து நாளுக்குள் சொல்லுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சேலம் வந்து, கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ஏற்காட்டுக்குப் போகிற கார்கள் வாசலில் ஒலி எழுப்பிக்கொண்டே போயின. ஹாலில் உட்காரவைத்துக் காபி கொடுத்தேன்.

"மெயில் பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன்."

"சம்மதம்னு ஒரு வரி போட்டாப் போதும்னு சொல்றாங்க."

எனக்கு ஏப்ரலில் இணைப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் இருந்தது. அந்தக் கட்டுரைதான் என் விண்ணப்பத்தில் முதல் வரி. அவளுக்கும் அது தெரியும். "கொஞ்சம் பொறேன் பிரியா. ஏப்ரல் முடியட்டும்," என்றேன்.

"பதினஞ்சு நாள்தானுங்க்கா குடுத்திருக்கறாங்க."

"நீ எழுதிட்ட இல்ல? அது போதும். மொதல் பேரு உன்னுதுதானே."

மிச்சக் காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "செரிங்க்கா," என்று எழுந்தாள். கோபமாக ஒரு சொல் சொல்லியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். அவள் வாசலில் செருப்பை மாட்டும்போது, "காபி நல்லாருந்துச்சுங்க்கா," என்றாள். நான் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவே இல்லை. தீனதயாளன் சாரும் எழுதவில்லை.

மே மாதம் அறிவிப்பு வந்தது. முதல் ஆசிரியரின் வேண்டுகோளின் பேரில் கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது, மற்ற இரு ஆசிரியர்கள் பதிலளிக்கவில்லை. அதற்கு முன்பே மதிப்பீட்டுக் குழு வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. எனக்குப் பதவியும் கிடைத்திருந்தது.

ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயமே அந்தக் கட்டுரைதான் என்பதால் வாய்மொழித் தேர்வு நின்றது. தீனதயாளன் சார் வழிகாட்டியாகத் தொடர முடியாது என்று எழுதிக் கொடுத்தார். வேறு வழிகாட்டியைப் பிடிப்பதற்குப் பதிவுக் காலமும் முடிந்திருந்தது. அந்தக் கல்வியாண்டில் எங்கள் துறையில் ஒரே ஒரு பிரிவுக்குத்தான் மாணவர்கள் சேர்ந்திருந்தார்கள். முனைவர் பட்டம் இல்லாத ஐந்து பேரை நிர்வாகம் நிறுத்தியது. ஐந்தாவது பெயர் பிரியா. பத்து ஆண்டு வேலைக்கு ஒரு பக்கக் கடிதம்.

கடைசி நாள் அறிவு அண்ணன் மூன்று பலகைகளையும் செய்தித்தாளில் சுற்றி, நூல் கோன் வருகிற அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். "நா பாட்டுக்கு வயரத் தொடாம இருந்திருக்கலாமுங்க மேடம்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நீங்க தொட்டதுதானுங்ணா சரி," என்றாள் பிரியா.

தீனதயாளன் சார் கல்லூரி பஸ் நிற்கிற இடம்வரை வந்தார். ஏதோ சொல்ல வந்து, "வெயிலு ஓவரா இருக்குது, குடை இருக்குதாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூனில் நவநீதகிருஷ்ணன் வண்டியோடு ஊர் திரும்பினார். அவர் கத்துகிற மனிதர் இல்லை. நடந்ததை எல்லாம் கடைசிவரை கேட்டாராம். பிரியா பிறகு ஒரு நாள் போனில் எனக்கு இதைச் சொன்னாள். நான் கேட்காமலேதான் சொன்னாள்.

"எட்டு வருசம்," என்றாராம். "கேக்கறப்பல்லாம் முடியட்டும் முடியட்டும்ன. இப்ப நீயே முடியலீன்னு எழுதிக் குடுத்திருக்கற."

"தப்புங்க மாமா அது."

"தப்புன்னு உனக்கு மட்டுந்தான தெரியும்?"

"அதனாலதானுங்க."

அவர் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாராம். "ஆயிரம் அடி ஓட்டித் தண்ணி இல்லீன்னா நாங்களும் இல்லீன்னுதான் சொல்றம் பிரியா. பொய் சொல்றதில்ல. ஆனா ஓட்டுன அடிக்குக் கூலி வாங்கிக்கிட்டுத்தான் சொல்றம். நீ எதையும் வாங்கலியே." என்னிடம் இதைச் சொல்லும்போது அவள் அழுதாள். அவர்மேல் வருத்தத்தினால் அல்ல. அவர் சொன்னது சரி என்பதால்.

அந்த மழைக்காலத்திலேயே ஈரோட்டில் குழந்தைப்பேறு மருத்துவரைப் போய்ப் பார்த்தார்கள். இரண்டு முறை சிகிச்சை எடுத்தார்கள். இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது வேண்டாம் என்று பிரியாதான் சொன்னாள்.

இப்போது அவள் நாமக்கல்லில் வேலை பார்க்கிறாள். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு நடுவில், ஒரு மாடியில், இளஞ்செழியன் என்பவர் லாரிகளுக்கான ஜி.பி.எஸ். கருவி செய்து விற்கிறார். பத்துப் பெண்கள் உட்கார்ந்து பாகங்களைப் பொருத்துவார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. உள்ளே இரண்டு ஆன்டெனா: வண்டி எங்கே நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோளிடமிருந்து வாங்க ஒன்று, அதைச் செல்போன் கோபுரத்துக்கு அனுப்ப ஒன்று. முடிந்த பெட்டிகளைச் சோதித்து அனுப்புவது பிரியாவின் வேலை. சேர்ந்த இரண்டாவது வாரமே, இரண்டாவது ஆன்டெனா பேசும்போதெல்லாம் முதலாவது செவிடாகிறது, அதனால்தான் வண்டிகள் வரைபடத்தில் ஒரு இடத்தில் மறைந்து பத்து கிலோமீட்டர் தள்ளித் தெரிகின்றன என்று கண்டுபிடித்தாள். இளஞ்செழியனிடம் சொன்னாள். அவர் ஒரு மாதம் தயங்கினார். பிறகு பலகையை மாற்றி வரையச் சொன்னார். ஒரு ஆன்டெனாவைக் குறுக்கே திருப்பி, நடுவில் ஒரு பள்ளம் வெட்டி, சரிசெய்து கொடுத்தாள். அதில் அவள் பெயர் எங்கும் இல்லை.

போன ஆண்டு ஆவணியில் அவளைப் பார்க்கப் போனேன். அதற்கு முன்பு எவ்வளவோ முறை போக நினைத்து, வேறு காரணம் சொல்லிக்கொண்டு நின்றுவிட்டேன். கையில் ஒரு தாள் கொண்டுபோயிருந்தேன். ஒரு வருடம் கழித்து அந்த இதழுக்கு நான் எழுதிய கடிதமும் அவர்களுடைய பதிலும். தனப்பிரியா சொன்னது முழுவதும் உண்மை, ஃபெரைட் வளையம் வேண்டாம் என்றது நான்தான் என்று எழுதியிருந்தேன். அறிவிப்பு ஏற்கனவே வெளியாகிவிட்டது, அதை மாற்றுவதற்கில்லை, தங்கள் கடிதத்துக்கு நன்றி என்று அவர்கள் எழுதியிருந்தார்கள்.

பிரியா மெலிந்திருந்தாள். கழுத்தில் ஒரு பழைய அடையாள அட்டைக் கயிறு, அதில் சாவிக்கொத்து. தாளை இரண்டு பக்கமும் படித்தாள். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எதுக்குங்க்கா இப்ப?"

"எனக்காகத்தான் எழுதுனேன் போல," என்றேன்.

"ஆத்தாவுக்குக் கண்ணு ஆப்பரேசன் ஆச்சுங்க்கா. எங்கூடத்தான் இருக்குது," என்றாள். பிறகு, நான் கேட்காமலே, "ஊட்டுல ஒண்ணு பண்ணிப் பாத்துட்டிருக்கறேன். போர்டுக்குள்ளயே சின்ன பேட்டரி வெச்சு, கேபிளே இல்லாம அளக்கறாப்புல," என்றாள்.

"எவ்வளவு வருது?"

"பதினொண்ணு. ஒருக்கா பன்னெண்டு வந்துச்சுங்க. அந்த அளவு போர்டுல அதுக்கு மேல போவாதுன்னுதான் நெனைக்கறனுங்க்கா."

"எழுதலாமே பிரியா. அனுப்பலாமே."

"எந்தக் காலேஜ் பேரப் போட்டுங்க்கா அனுப்பறது?" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். "பேரு போட்டாலும், தேடிப் பாத்தா மொதல்ல அந்தச் செகப்பு எழுத்துதானுங்க வரும். இவ ஏற்கனவே தப்பாப் போட்டவன்னுதான் நெனப்பாங்க. எவங்க ஒக்காந்து முழுசாப் படிக்கப்போறாங்க?"

கீழே லாரி ஒன்று ஒலி எழுப்பியது. ஆந்திராவுக்கு முட்டை ஏற்றப் போகிற வண்டி, கருவியை மாற்றிப் பொருத்தித் தரவேண்டும் என்று ஓட்டுநர் அவசரப்படுத்தினார். பிரியா ஒரு பெட்டியையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, சக்கரத்தில் கால் வைத்து, பழக்கப்பட்ட மாதிரிக் கேபினுக்குள் ஏறினாள். உள்ளே குனிந்து டேஷ்போர்டைக் கழற்ற ஆரம்பித்தாள். வெளியிலிருந்து அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

பக்கத்துப் பட்டறையில் தகடு வெட்டுகிற சத்தம். நான் கால் மணி நேரம் நின்றிருப்பேன். அவள் தலையை வெளியே நீட்டி, "இது லேட்டாவுமுங்க்கா. நீங்க சேலம் பஸ்ஸப் புடிச்சிருங்க. இல்லீன்னா நெம்ப நேரம் நிக்கோணும்," என்றாள். கை முழுக்கக் கரி. நான் சரி என்றேன்.

முனைக்கடையில் ஒரு டீ குடித்தேன். திரும்பிப் பார்த்தபோது லாரி இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது.